இடது கையில் ஒரு ஸ்பூன்

தீபாவளிக்கு முந்தைய வாரம் என் வலது மணிக்கட்டு உடைந்தது. தி. நகரில் எங்களுக்கு ஒரு சின்ன ரவிக்கைத் துணிக் கடை. கீழே வியாபாரம், மேலே சரக்கு அறை. அரக்குச் சிவப்பில் நான்கு சாயல்களை ஒரே நேரத்தில் எடுத்து வரும் அவசரத்தில் துணிச் சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படி கண்ணுக்குத் தெரியவில்லை. விழும்போது கையை ஊன்றிவிட்டேன். துணி ஒன்றும் அழுக்காகவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும்படி முழங்கை வரை கட்டு. "ஆறு வாரம். கையை ஆட்டக் கூடாது," என்றார். என் கணவர் முகத்தைப் பார்த்தேன். வருடத்தில் பாதி வியாபாரம் நடக்கும் நாட்கள் அவை. கடைப் பெண்கள் இரண்டு பேர் இருந்தாலும், எந்தப் புடவைக்கு எந்தச் சாயல் சேரும் என்று பார்ப்பது என் வேலை. அவர் ஆட்டோவில் ஏறும்போது என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. மகன் புனேயில் வேலையில் இருக்கிறான். அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கடுகு டப்பா எது, வெந்தய டப்பா எது என்று அறியாமல் முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர், ஒரே வாரத்தில் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டார். குழம்பை மெஸ்ஸிலிருந்து வாங்கி வருவார். மதியம் கடையை விட்டு ஸ்கூட்டரில் வந்து எனக்கு ஊட்டிவிட்டுத் திரும்பிப் போவார்.

கேட்பவர்கள் எல்லாம் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். எனக்கோ அந்தச் சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே ஸ்கூட்டர் சத்தம் கேட்காமல் இருந்தால் தேவலை என்றிருக்கும். அவர் உருட்டும் கவளம் பெரிது. மென்று முடிப்பதற்குள் அடுத்தது உதட்டருகே வந்து நிற்கும். சில சமயம் கடையிலிருந்து போன் வரும். பேச்சு சூடாகும்போது கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். நான் வாயைத் திறந்தபடி காத்திருப்பேன். "வாயத் தொறளா," என்பார். ஐம்பத்தைந்து வயதில் அதைக் கேட்பது எனக்கு அவமானமாக இருந்தது. நான்கு கவளம் இறங்கியதும் போதும் என்றுவிடுவேன். ஊருக்கெல்லாம் ரவிக்கைத் துணி விற்பவளுக்கு, தன் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

இடது கையால் சாப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. ஒருநாள் அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் மோர்ச் சோற்றைப் போட்டு, ஸ்பூனை இடது கையில் பிடித்தேன். சின்ன வயதில் அந்தக் கை தட்டுப் பக்கம் போனாலே அடி விழும். அந்த அடி இன்னும் கைக்குள்ளேயே இருந்தது போல, ஸ்பூன் சாய்ந்து சாய்ந்து போனது. வாய்க்குப் போனதைவிட மடியில் விழுந்தது அதிகம். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து தரையைத் துடைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

நான்காவது வாரம் கட்டைப் பார்க்க டாக்டரிடம் போனோம். எலும்பு கூடிக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்றார். வெளியே வந்தால் நல்ல மழை. மெயின் ரோடு வரை நடந்தால் ஆட்டோ கிடைக்கும் என்று என் கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். பாதித் தெருவில் மழை வலுத்தது. ஒரு பழைய மாடி வீட்டின் போர்ட்டிகோவில் ஒதுங்கினோம். வாசலில் ஒரு மரப் பலகை. அதில் வட்டமும் கோடுமாக ஏதோ எழுத்து. சீனாக்காரர் பல் ஆஸ்பத்திரியாக இருக்கும் என்றார் அவர். உள்ளே இருந்து எள் வறுபடும் வாசனை வந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தாள்.

"இன்னாக்கா, கைல கட்டு கட்டிகினு மழைல நிக்கிற? உள்ள வந்து குந்து. சார், நீயும் வா சார்."

"இல்லம்மா, சும்மா ஒதுங்குனோம். மழ விட்டதும் கெளம்பிருவோம்," என்றார் அவர்.

"இது எங்க வுடப் போவுது? இது கொரியாக்காரங்க ஓட்டல் சார். கார் கம்பெனிக்காரங்க வருவாங்கோ. மேல ரூம் கீது, ஊரு சுத்திப் பாக்க வர்றவங்க தங்குவாங்கோ. சாப்பாடு நல்லா இருக்கும். புடிக்கலன்னா குந்திட்டுப் போங்க, யாரு கேக்கப் போறாங்க?"

மதியம் இரண்டு மணி ஆகியிருந்தது. அவருக்குப் பசி பொறுக்காது. என்னைப் பார்த்தார். நான் உள்ளே போனேன்.

வீட்டின் ஹால்தான் ஓட்டல். ஆறு மேசைகள். சுவரில் ஒரு காலண்டர், ஒரு குடும்பப் புகைப்படம், அவ்வளவுதான். சன்னல் ஓரத்தில், ஊர் சுற்றிய வெயிலில் கன்னம் சிவந்த இரண்டு கொரியப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்த வயது. காலடியில் நனைந்த முதுகுப் பைகள். மயிலாப்பூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள் போல, இருவர் நெற்றியிலும் விபூதி கரைந்து வழிந்திருந்தது.

அந்தப் பெண் முதலில் இரண்டு தம்ளர் பழுப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் முகர்ந்து பார்த்தார். "பார்லித் தண்ணியில்லா இது? காய்ச்சக்காரனுக்குக் குடுக்கது."

"அதேதான் சார். இவங்களுக்கு டெய்லி இதான்."

எங்களுக்கு மாடும் பன்றியும் ஆகாது என்றேன். அவள் யோசித்தாள். "அப்போ அக்காவுக்குக் காய்கறி, முட்டை போட்ட சோறு. சாருக்கு மீன். காணாங்கத்த, பட்டினப்பாக்கத்துல காலைல எடுத்தாந்தது. சுட்டுத் தருவாங்கோ."

காணாங்கத்தை என்றால் என்ன மீன் என்று அவருக்குத் தெரியவில்லை. தூத்துக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். சென்னை மீன் பெயர்களோடு அவருக்கு இன்றும் சண்டைதான். சரி என்று தலையாட்டிவிட்டார்.

முதலில் சின்னச் சின்னத் தட்டுகளாக வந்து மேசை நிறைந்தது. மிளகாயில் ஊறிய முட்டைக்கோஸ், எள் தூவிய கீரை, முளைவிட்ட பயறு, பொரித்து இனிப்பும் காரமுமாகப் புரட்டிய நெத்திலிக் கருவாடு. "நாம இதெல்லாம் கேக்கலையே," என்று அவர் பதறினார். "இது எல்லாருக்கும் வெக்கிறதுதான் சார். தீந்தா இன்னும் தருவோம்," என்றாள்.

நெத்திலியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கையால் எடுக்கப் போனவர், சன்னல் ஓரப் பெண்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவர்களைப் போலச் சாப்பிட, மேசையில் இருந்த இரும்புக் குச்சிகளை எடுத்தார்.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து ஓட்டல் நடத்தும் கொரிய அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். சுருட்டை முடி, கண்ணாடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கை. சூடான கல் சட்டியை என் முன் வைத்தார். சோற்றின் மேல் கேரட், வெள்ளரி, காளான், கீரை என்று தனித்தனியாக அடுக்கி, நடுவில் முட்டை. ஓரத்தில் சோறு கல்லில் ஒட்டிப் பொரிகிற சத்தம். நான் கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். ஏப்ரன் பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து, என் சட்டியில் இருந்த கீரையையும் காளானையும் பொடிப்பொடியாக வெட்டினார். சிவப்பு மிளகாய் விழுது ஒரு கரண்டி போட்டு, அடியிலிருந்து புரட்டிக் கிளறினார். கடைசியில் நீளக் காம்புள்ள ஒரு ஸ்பூனை என் இடது பக்கத்தில் வைத்தார்.

"சாப்டு, சாப்டு," என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "இன்னா, மீன் வருது," என்றார்.

என் கணவரின் கண் கத்தரிக்கோலை விட்டு நகரவில்லை. நாள் முழுக்கக் கத்தரியோடு புழங்குகிறவர், அதைச் சோற்றுச் சட்டிக்குள் அன்றுதான் பார்த்தார். போதாததற்கு, முதலாளி என்றே கேட்டுப் பழகியவரை, ஒரு கொரிய அம்மாள் சென்னைத் தமிழில் "இன்னா" என்கிறார்.

"எங்க கிட்டதான் தமிழ் கத்துகினாங்கோ," என்று அந்தப் பெண் சிரித்தாள். "நாங்க மின்ன அடையாறு ஆத்தாண்ட இருந்தோம். அப்போலேந்து இங்கதான் வேல. இப்போ பெரும்பாக்கத்துலேந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன். இந்தம்மா யாருக்கும் வாங்க போங்க சொல்லாது சார், தப்பா எடுத்துக்காத."

பழக்க தோஷத்தில் அவர் என் ஸ்பூனை எடுத்துச் சோற்றை அள்ளி என் வாய்க்கு நேராக நீட்டினார். சன்னல் ஓரப் பெண்கள் பார்த்தார்கள்.

"வைங்க. நானே சாப்பிடுதேன்," என்றேன்.

"சிந்திருமேளா."

"சிந்தட்டும்."

இடது கையில் ஸ்பூனைப் பிடித்தேன். முதல் வாய் கோணலாகத்தான் வந்தது. ஆனால் சிந்தவில்லை. அந்தச் சோறு நம் பொன்னி அரிசிச் சோறு மாதிரி உதிர்வதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஸ்பூனிலேயே உட்கார்ந்திருந்தது. காரம் முதலில் இனிப்பாகத் தெரிந்து, விழுங்கிய பிறகுதான் ஏறியது. இரண்டாவது வாய். மூன்றாவது. என் வேகத்தில் மென்றேன். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். வேண்டும் என்றபோது அடுத்ததை எடுத்தேன். இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் வந்தது. மிளகாய் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் குச்சிகளோடு போராடிக்கொண்டிருந்தார். ஒரு நெத்திலியைக் கவ்விப் பாதி தூரம் கொண்டுவந்தார். அது துள்ளிப் போய்ச் சன்னல் ஓரப் பெண்களின் பையில் விழுந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி எழுந்து வந்து, தன் விரல்களைக் காட்டி, ஒரு குச்சியை அசையாமல் வைத்து மற்றதை மட்டும் ஆட்ட வேண்டும் என்று செய்து காட்டினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு முயன்றார். இன்னொரு நெத்திலி போனது. அந்த ஹாலில் எல்லாருடைய கண்ணும் அவர் கையில்தான் இருந்தது. என் இடது கையை யாரும் பார்க்கவில்லை.

மீன் வந்தது. நடுவில் பிளந்து, உப்புப் போட்டு, தோல் கருகச் சுட்டிருந்தார்கள். "அட, நம்ம அயிலயில்லா!" என்று மீனின் ஊர்ப் பெயரைச் சொல்லிக் குச்சிகளைக் கீழே வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, கையாலேயே பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஓட்டல்கார அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை.

பாதி மீன் முடிந்ததும் அவர் நிமிர்ந்தார். "சுடச்சுடத் தின்னு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஒரு மாசமா ஆறுன சோறுதான் திங்கேன். ஒனக்கு ஊட்டிட்டு ஒக்காந்தா எல்லாம் சில்லுன்னு போயிருது."

அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று நான் கேட்டதே இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முப்பது வருசமா நான் தின்னது என்ன சோறாம்?"

கேட்டபோது கோபத்தோடு கேட்கவில்லை. ஆனால் அது மேசை மேல் அப்படியே நின்றது. அவருக்குப் பரிமாறி, அவர் கை கழுவிய பிறகு உட்கார்வதுதான் என் வழக்கம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படித்தான் நடந்துவந்தது. அவர் என்னைப் பார்த்தார். மீனின் நடு முள்ளை எடுத்துவிட்டு, சதையான பாகத்தை என் சட்டியில் வைத்தார்.

"நான் உருட்டுறது பெருசாவா இருக்கு?" என்று கொஞ்சம் கழித்து, என் ஸ்பூனில் இருந்த அளவைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்பப் பெருசு."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கடையையும் பாத்துக்கிட்டு எனக்கும் செய்றீங்க. எப்படிச் சொல்ல?"

அவர் நெத்திலித் தட்டைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். மழை விட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. நாங்கள்தான் கவனிக்கவில்லை. கிளம்பும்போது, அந்த நீளக் காம்பு ஸ்பூன் எங்கே கிடைக்கும் என்று அவர் அந்தப் பெண்ணிடம் விசாரித்தார். அவள் உள்ளே போய் அம்மாவிடம் கேட்டு, ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் சோற்றைக் குழைய வடித்தார். குழம்புக் காயைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார். கடைக் கத்தரி இல்லை, புதிதாக வாங்கியது. நானே சாப்பிட்டேன். சிந்தத்தான் செய்தது. ஆளுக்கொரு தட்டோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம். அந்த இரண்டு வாரத்தில் மூன்று தடவை கொரிய ஓட்டலுக்கும் போனோம். கடைசித் தடவை அவர் குச்சியால் ஒரு நெத்திலியை வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து வெளுத்து, வேறு யாருடையதோ போல இருந்தது. இப்போது பரவாயில்லை. மழை நாளில் மட்டும் குடைச்சல் உண்டு. மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. கனமான குழம்புச் சட்டியை அவர்தான் இறக்கி வைக்கிறார். இறக்கி நடுவில் வைத்துவிட்டால் வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்கிறோம். முகூர்த்த நாட்களில் கடை அடைத்து அவர் வர நேரமாகும். பசித்தால் நான் முதலில் சாப்பிட்டுவிடுகிறேன்.