திறந்தவர்தான் எழுத வேண்டும்

அன்று காலை தொழிற்சாலையில் ஒரு பிரஷர் கேஜைச் சரிபார்த்து, அதன்மேல் தேதி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் என் மனைவி வேலை பார்த்த பள்ளியிலிருந்து தலைமையாசிரியை பேசினார்.

“பிரபு சார், கிருத்திகா டீச்சர் கிளாஸ்ல மயங்கி விழுந்துட்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.”

திருவெறும்பூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சட்டைப் பையில் மீதி ஸ்டிக்கர்கள் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பள்ளியின் நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன். மாணவிகள் படிப்பார்கள் என்பதால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

கிருத்திகா பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மனையியல் நடத்தினார். “சமையல் டீச்சரா?” என்று யாராவது கேட்டால் கோபப்பட மாட்டார். “சமைக்கவும் சொல்லித் தருவேன். அதுக்கு முன்னாடி பாக்கெட்டோட பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித் தருவேன்” என்பார்.

அதை நான் முதலில் பார்த்தது மண்ணச்சநல்லூரில், அவரைப் பெண் பார்க்கப் போன அன்று. என் அம்மா கொடுத்த பிஸ்கட் டப்பாவை வாங்கியவர், எல்லோர் முன்னாலும் கவிழ்த்துப் பார்த்தார். “அத்தை, இது ரெண்டு மாசம் தாண்டிடுச்சு. கடையில மாத்திக்கலாம், பில் இருக்கா?” அவருடைய அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: “கட்டிக்கடா. ஆனா ஒருநாள் உன்னையும் கவுத்துப்போட்டுத் தேதி பாப்பா.”

வருடத்துக்கு ஒருமுறை மாணவிகளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவார். எடை, காலாவதித் தேதி, அச்சிட்ட விலை எல்லாவற்றையும் அவர்களே படிக்க வேண்டும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன்.

“டீச்சர், வாங்க வந்தீங்களா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா?” என்றார் கடைக்காரர்.

“ரெண்டும்தாண்ணே. நீங்க பாஸ் பண்ணிடுவீங்க, பயப்படாதீங்க.”

அவருடைய வகுப்பில் ஒரு விதி உண்டு. வீட்டில் எந்தப் பொருளைத் திறந்தாலும், திறந்தவரே அதன்மேல் எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும். அம்மா திறந்தால் அம்மா, அப்பா திறந்தால் அப்பா. எங்கள் வீட்டு டப்பாக்கள் எல்லாவற்றிலும் ‘கி’ மட்டும்தான் இருந்தது.

“ஏங்க, ஆபீஸ்ல மீட்டருக்கெல்லாம் தேதி ஒட்டிக் கையெழுத்துப் போடுறீங்க. காபித்தூளுக்குப் போட மட்டும் கை வலிக்குதா?”

“அதுக்குத்தான் நீ இருக்கியே.”

“நான் ஊருக்குப் போயிட்டா?”

“மண்ணச்சநல்லூர் என்ன அமெரிக்காவா? அரை மணி நேரத்துல வந்துடுவே.”

அவர் பேனாவை எடுத்து, நான் திறந்த டப்பாவிலும் ‘கி’ என்றே எழுதினார். “இது பொய்க் கையெழுத்து. என் பிள்ளைங்களா இருந்தா மார்க் போட மாட்டேன்” என்றார்.

அவர் போன பிறகு, வீட்டில் நான் எதையும் புதிதாகத் திறக்கவில்லை. அவர் திறந்து வைத்தவற்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். அலமாரியைத் திறந்தால் ‘கி’. ஃபிரிட்ஜைத் திறந்தால் ‘கி’. சில நேரம் பின்னால் அவர் நிற்பதுபோல் தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி தாண்டிக்கொண்டே வந்தது. அவர் இருந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார். கொட்டிவிட்டால் வேறு பாக்கெட் திறக்க வேண்டும். அதில் ‘கி’ இருக்காது.

போன சனிக்கிழமை காலை மூன்று மாணவிகள் வந்தார்கள். ரம்யா என்ற பெண் காபி போட அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் காபித்தூள் டப்பாவோடு வந்து நின்றாள்.

“சார், இது தேதி தாண்டிடுச்சு.”

“பரவாயில்லம்மா. அதையே போடு.”

அவள் நகரவில்லை. லேபிளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் அப்படியே கிருத்திகாவின் குரல்தான்.

“இதுல போட்டா மிஸ் திட்டுவாங்க சார்.”

அவள் டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு, மேல்தட்டிலிருந்து புதுப் பாக்கெட், கத்தரிக்கோல், பேனா மூன்றையும் எடுத்து வந்தாள்.

“நீயே திறந்துடும்மா.”

“நான் திறந்தா என் பேர் எழுதணும் சார். இது உங்க வீடு.”

கத்தரித்தேன். பையிலிருந்து ஆபீஸ் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துத் தேதி எழுதினேன். எழுத்தை எழுதுவதற்கு நேரம் பிடித்தது. மூன்று பெண்களும் காத்திருந்தார்கள். பழைய தூளை நானே கொண்டுபோய்க் கொட்டினேன்.

இப்போது அலமாரியில் பதினோரு டப்பாக்களில் ‘கி’ இருக்கிறது. ஒன்றில் ‘பி’. ஒவ்வொன்றாக மாறிவிடும்.

கிருத்திகா, இந்தத் தடவை பொய்க் கையெழுத்து இல்லை. நானே திறந்தேன், நானே எழுதினேன். போய் வா.