ஜெயகௌரியின் துவக்குக் குழாய்

என் மனைவி ஜெயகௌரி லண்டனின் பார்க்கிங் பகுதியில் பாதி வீடுகளின் வெந்நீர் பொய்லர்களுக்கு வைத்தியம் பார்த்தவள். காஸ் வேலைக்கான அட்டை கழுத்தில் தொங்கும். ஆனாலும் கதவைத் திறப்பவர்கள் அவளுக்குப் பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவளும் கூடவே திரும்பிப் பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை, நான்தான் என்று சொல்லி உள்ளே போவாள்.

லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அறையில் ஒரு பழைய காஸ் ஹீட்டர் இருந்தது. அதன் குழாய் கழன்று நச்சுப்புகை கசிந்து, நான் வேலையால் வரும்போது இவள் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைத்து எழும்பியது வேறு யாராவது என்றால் ஹீட்டரைச் சபித்துக்கொண்டு இருந்திருப்பார். இவள் காலேஜுக்குப் போய் அந்த வேலையையே படித்தாள். அன்று தொடக்கம் அவளுக்கு ஒரே ஒரு வேதம்தான். காஸ் போகும் குழாய் மயிரளவும் ஆடக் கூடாது.

பொய்லர் தூக்கித் தூக்கி வலது தோள் போய், ஒப்பரேஷன் முடிந்து மனம் சோர்ந்திருந்த நேரம், மகள் மிதுஷா தாயின் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு கொடுத்தாள். நகரம் முடிகிற இடத்தில், ஆற்றோரச் சதுப்பு நிலத்தில், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துவக்கால் சுட்டு உடைக்கிற ஒரு காலைப் பொழுது. வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த சனம் நாங்கள். காசு கொடுத்து அதைக் கேட்கப் போகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் காரைவிட்டு இறங்கவில்லை.

திரும்பி வந்த ஜெயகௌரியின் முகம் நித்திரையில் சிரிக்கிற குழந்தையின் முகமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, அந்தத் தட்டு மேல எழும்பேக்க என்ர தலைக்குள்ள ஒண்டுமே இல்லை. ஒரு சத்தமும் இல்லை" என்றாள்.

"வெடிச்சத்தமுமோ?" என்று கேட்டேன்.

"அதுகூடத் தூரத்திலதான் கேக்குது."

பிறகு ஞாயிறுகள் எல்லாம் அந்தப் பனிமூட்டத்துக்குப் போய்விட்டன. வெள்ளைப் பனிப்புகாருக்குள்ளிருந்து செம்மஞ்சள் தட்டு ஒன்று எழும்பி, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பொடியாகிப் புல்லில் கொட்டும். வீட்டில் சொதி கிண்டும்போதும் இவள் கண் கூரைக்கு ஏறி, இல்லாத தட்டு ஒன்றின் பின்னால் மெல்லப் போகும். அகப்பையும் கூடப் போகும். சொதி அடிப்பிடிக்கும். நானும் ஏசமாட்டேன். இத்தனை வருடத்தில் அவள் கனவு கண்டு நான் பார்த்ததில்லை.

பொலிஸ் அனுமதி எடுத்து, பழைய துவக்கு ஒன்று வாங்கினாள். வெடிக்கிற தோட்டாவின் காற்றில், அதுவும் ஒரு காஸ்தான், கொஞ்சம் ஒரு சின்னக் குழாய்க்குள் போய், வெறுங்கோதை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிவிடுகிற வகை. தோளில் விழுகிற உதைப்பில் பாதி அந்த வேலையிலேயே கழிந்துவிடும். மற்ற வகைத் துவக்குகள் அவளுடைய தோளுக்குச் சரிவராது. ஒன்றை எடுத்துச் சுட்டுவிட்டு ஒரு கிழமை தலை சீவ ஏலாமல் இருந்தாள். இது இல்லையென்றால் அவளுக்கு அந்த அமைதியும் இல்லை.

ஒரு நாள் துப்புரவாக்கக் கழற்றியவள் விறைத்துப்போனாள். அந்தச் சின்னக் குழாய் விரல் பட்டால் ஆடியது.

"காஸ் போற குழாய் ஆடலாமோ? எந்த விசரன் இதைப் பூட்டினவன்?"

"கடைக்காரனைக் கேளும்" என்றேன்.

"எனக்குத் தெரியாத குழாயோ?"

வேலைப் பெட்டியைத் திறந்து, காஸ் இணைப்புகளுக்குச் சுற்றுகிற மஞ்சள் டேப்பை எடுத்து, குழாயைச் சுற்றி இறுக்கிவிட்டாள். அசையவே இல்லை. பெருமையோடு எனக்கும் காட்டினாள்.

அந்த ஞாயிறு முதல் வெடி வெடித்தது. கோது பாதி வழியில் சிக்கி, அடுத்த தோட்டா ஏறாமல் நின்றது. தட்டுகள் இரண்டிரண்டாகப் பறக்கும் விளையாட்டு அது. இரண்டாவது தட்டு உடையாமல் புகாருக்குள் போய் மறைந்தது. இன்னும் லூசாக இருக்கிறது என்று நினைத்து இன்னொரு சுற்று டேப் சுற்றினாள். அடுத்த ஞாயிறும் அதே கதைதான். பிறகு, "இதை வித்துப்போடுவம்" என்றாள். அந்தக் கிழமை சொதி ஒருநாளும் அடிப்பிடிக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. நானே அவளையும் துவக்கையும் கூட்டிக்கொண்டு, துவக்குத் திருத்துகிற ஒரு கிழவரிடம் போனேன்.

கிழவர் கழற்றினார். வெந்து உருகிய மஞ்சள் டேப்பைப் பார்த்து முதலில் சிரித்தார், பிறகு ஏசினார். துவக்கைக் கழற்றினால் அந்தக் குழாய் ஆடத்தான் வேண்டும். முன்குழலைப் பூட்டி மூடியை இறுக்கினால் தன் இடத்தில் தானே இருக்கும். சூட்டில் விரிய இடம் இல்லாவிட்டால் எல்லாம் சிக்கும் என்றார். சுரண்டித் துடைத்து, ஆடுகிறபடியே திருப்பித் தந்தார்.

 அடுத்த ஞாயிறு காலை காரைவிட்டு இறங்க முன் ஜெயகௌரி என் கையைப் பிடித்தாள். 

"ஆடுற குழாயை நம்பி எப்பிடிச் சுடுறது? எனக்குப் பயமாக் கிடக்கு."

அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. "போம், நான் இருக்கிறன்" என்றேன்.

அவள் புகாருக்குள் நடந்து மறைந்தாள். வழக்கமாகக் கார்க் கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இருப்பவன், அன்று கண்ணாடியை இறக்கினேன். தட்டை விடச் சொல்லி அவள் கூப்பிடுகிற குரல் மெல்லக் கேட்டது. முதல் வெடி. என் உடம்பு பழையபடி சுருண்டது.

ஊரில் ஒரு வெடி கேட்டால், அடுத்தது வரக் கூடாது என்று எல்லாத் தெய்வத்துக்கும் நேர்த்தி வைத்தவன் நான். அந்த ஈரக் காற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையாரே, இன்னொண்டு, இன்னும் ஒண்டே ஒண்டு" என்று கும்பிட்டேன்.

வெடித்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதேன்.