காந்தம் செத்துப்போச்சு

என் மேசைமேல் ஒரு இரும்புக் குண்டு கிடக்கிறது. குண்டு என்றால் உருண்டை அல்ல. விரல் நீளத்தில், ஒரு முனை மழுங்கிய உருளை. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இதைக் கம்பிகளின்மேல் வழுக்கவிட்டுத்தான் எங்கள் நைனா வாசிப்பார். இப்போது கரண்ட் பில் பறக்காமல் இருக்க உதவுகிறது. என் அண்ணனுக்கு இதன்மேல் ஒரு கண். பொங்கலுக்கு வரும்போதெல்லாம் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, மனசில்லாமல் கீழே வைப்பான்.

தொண்ணூறுகளில் நைனா மாமல்லபுரத்தில் ஒரு கடலோர விடுதியில் சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தார். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் கிட்டார்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டால், "இது என் புள்ளப்பா, அரை டிக்கெட்டு போடு" என்பார். அவரைவிட வயதான கிட்டார் அது. கம்பிகளுக்கு மேலே லாடம் போல வளைந்த இரண்டு காந்தங்கள் இருக்கும். அம்மா அடுப்படிக்குப் போகிற வழியில் புடவை ஊக்கைக் கழற்றி அந்தக் காந்தத்தில் ஒட்டிவிட்டுப் போவாள். "உன் ஊக்கு இல்லன்னா எனக்கு சுருதி சேராதுடி" என்று நைனா கிண்டல் செய்வார். அந்த வாத்தியத்துக்குக் கனத்த குரல். வாசித்து நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

அண்ணனுக்கு வாசிக்க வராது, பிரிக்க வரும். கலைந்துபோன பாட்டுக் கச்சேரிக் குழுக்களிடம் நைனாவுடையது போன்ற உடைந்த ஹவாயன் கிட்டார்களை வாங்கிவருவான். துருப்பிடித்த முறுக்காணிகளை மாற்றுவான், மோட்டார்க்காரரிடம் செப்புக் கம்பி வாங்கிக் காயிலை மறுபடி சுற்றுவான், லேத்துப் பட்டறையில் உதிரிகள் கடைந்துவருவான். மாமல்லபுரத்தில் ஒரு அறை எடுத்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றான். கெட்டிக்காரன்தான், அதை நான் மறுக்கவில்லை. "பாடி நல்லா கீதா? அது போதும். மீதியெல்லாம் மாத்திக்கலாம்" என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

ஒரு நாள் விடுதிக்குக் கிளம்பின நைனாவுக்கு பஸ் ஸ்டாண்டிலேயே வலது கை இழுத்துக்கொண்டது. பெட்டி வீட்டுக்கு வந்தது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்லவேளையாக லேசான வாதம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, "கை நல்லா வந்துடுச்சு பெரியவரே, தாராளமா வாசிங்க" என்றார். நைனா குழந்தை மாதிரி சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிட்டாரை மடியில் வைத்தார். ஒரு கம்பியை மீட்டினார். தகரத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுபடி மீட்டினார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "இது யாருதுடா?" என்றார்.

"உன்துதான் நைனா. உடம்பு சரியில்லாம இருந்தல்ல, கை பழகணும்" என்றான் அண்ணன்.

அம்மா வழக்கம்போல ஊக்கை ஒட்டவைத்தாள். அது தரையில் விழுந்தது. "இன்னாடா இது, காந்தமும் போச்சா?" என்றாள்.

"பழசாயிட்டா காந்தம் செத்துடும்மா. மனுஷனுக்கு ஆவல?"

நாங்கள் நம்பினோம். நைனா இன்னும் அதிகமாக நம்பினார். டாக்டர் ஆறுதலுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினார். விடுதிக்காரர்கள் ஆளனுப்பியும் போகவில்லை. "கை செத்துப்போச்சும்மா" என்று என்னிடம் சொன்னார். அதே கையால்தான் எனக்குப் பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்தார், சட்டைப் பொத்தான் தைத்தார். பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். கிட்டாரைத் தொடவே இல்லை. அவர் போன அன்று வாசலில் அண்ணன் யாரிடமோ, "பாடிய மூணு மணிக்கு எடுத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பல வருஷம் கழித்து, புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க கேளம்பாக்கத்தில் அவன் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லாம் இருந்தது. வாங்க வந்திருந்த ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் ஒரு கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த லாடக் காந்தம் அசலா என்று கேட்டான். அண்ணன் சிரித்தான். "இது பித்தளைல முலாம் பூசுன வெறும் மூடி தம்பி. சத்தத்துக்கு அடியில சின்னதா ஒரு காந்தம் கீது. பார்த்தா தெரியுதா? எங்க நைனாவோட கிட்டார்லயே அசலக் கழட்டி ஒரு வெள்ளக்காரனுக்குக் குடுத்துட்டு இத்தான் மாட்டினேன். அவரே கண்டுபுடிக்கல, நீ இன்னா!"

நான் நிற்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தான். பத்திரிகையைக் கொடுக்காமலே பஸ் ஏறினேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லியிருந்தால் நைனா நாலு திட்டு திட்டிவிட்டு, அந்தத் தகரச் சத்தத்திலேயே வாசித்திருப்பார்.

அதெல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வருகிறான். போன பொங்கலுக்குக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "இதுவும் இருந்தா அந்த வெள்ளக்காரனுக்கு செட்டு சேர்ந்துடும்மா. இதே வெயிட்ல ஒண்ணு கடைஞ்சித் தரேன். உனக்கு வித்தியாசமே தெரியாது."

"நைனாவுக்குத் தெரிஞ்சுதுண்ணா. தெரிஞ்சுதான் யாருதுன்னு கேட்டாரு" என்றேன்.

அவன் குண்டை வைத்துவிட்டுப் பொங்கல்கூடச் சாப்பிடாமல் போனான்.

கை இழுத்துக்கொண்ட அன்று இது நைனாவின் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சட்டையோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் இது பெட்டிக்குள் இருந்திருந்தால், இதையும் மாற்றியிருப்பான். நானும் இந்நேரம் லேத்துப் பட்டறையில் கடைந்த ஏதோ ஒரு இரும்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நைனா நைனா என்று அழுதுகொண்டிருந்திருப்பேன்.