மூன்று தட்டில் ஒரு தட்டு வேறு

பிஸ்கட் கம்பெனியில் அவளை நாக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். பேக்கிங் பெல்ட்டில் பாக்கெட் அடுக்குவது அவள் வேலை. மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் மேலே கூப்பிட்டு, தின்னச் சொல்லி, எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர்.

அந்த வேலைக்கு அவளைப் பிடித்த கதை பெரிய கூத்து. நல்ல மழைக்காலம். மேனேஜர் பேக்கிங் பக்கம் வந்து, "இங்க யாருக்கெல்லாம் சளி இல்ல?" என்று கேட்டார். பெல்ட் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. இவள் ஒருத்திதான் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான் தகுதி! அன்றைக்கு ஏறின மாடிப்படியை இன்று வரை ஏறிக்கொண்டிருக்கிறாள்.

மாடியில் ருசி பார்க்கும் அறை என்று ஒன்று. தபால் பெட்டி அளவுக்குத் தடுத்த தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு முக்காலி, தலைக்கு மேல் சிவப்பு பல்பு. பிஸ்கட்டின் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாதாம், அதற்காகச் சிவப்பு. முன்னால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். மூன்று தட்டு வரும். இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் வேறு. வேறு எது என்று சொல்ல வேண்டும். நடுநடுவே வெந்நீர் குடித்து வாயைக் கொப்பளிக்க வேண்டும். சொல்வதை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தரப்பிரிவுப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்வாள். அவளுக்கு இவள் மகள் வயதுதான் இருக்கும்.

எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டால், எல்லாம் வெண்ணெய் படுத்தும் பாடு. வெண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. பாக்கெட் விலையை ஏற்றினால் ஜனங்கள் பக்கத்துக் கம்பெனி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். முதலில் பாக்கெட்டில் ஒரு பிஸ்கட்டைக் குறைத்தார்கள். பிறகு பிஸ்கட்டைத் தட்டையாக்கினார்கள். அதற்கு மேல் தட்டையாக்கினால் அப்பளம் ஆகிவிடும் என்று ஆனபோது வெண்ணெயில் கை வைத்தார்கள். கொஞ்சம் வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாமாயில். போன பிஸ்கட்டுக்கும் இந்தப் பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மாடியில் இருக்கிறவர்கள் சொல்லிவிட்டால் அது கடைக்குப் போகும். அடுத்த வருஷம் மறுபடி கொஞ்சம்.

நாக்கக்காவுக்குப் பெரும்பாலும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்றே சொன்னாள். ஒரே ஒரு தடவை, மலிவான சர்க்கரை ஒன்று நாக்கின் ஓரத்தில் கசந்தது. சொன்னாள். அந்தச் சர்க்கரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் சொல்லுக்கு அந்தக் கம்பெனியில் அவ்வளவு மதிப்பு.

இதில் ஒரு கொடுமை. அவள் வீட்டுக்காரருக்கு வேலை வெண்ணெய் அறையில். பெட்டியைப் பிரித்து, கட்டி வெண்ணெயை வெட்டி, தொட்டியில் போட்டு உருக்கி, சூடு பார்த்து, மாவு பிசைகிற இடத்துக்குக் குழாயில் விட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் அங்கேதான். ஒரு காலத்தில் அந்த அறையில் ஆள் மேல் ஆள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் மாடியில் ஒவ்வொரு தடவை வித்தியாசம் தெரியவில்லை என்று தலையை ஆட்டும்போதும் கீழே ஒரு ஆள் குறைந்தது. கடைசியில் அவர் ஒருத்தர்தான். ஒரு நாளும் அவர் இவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொஞ்சம்தானே, கொஞ்சம்தானே என்று இவளும் மனசைத் தேற்றிக்கொண்டு, பிறகு தேற்றுவதையும் விட்டுவிட்டாள். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

இந்தத் தடவை வந்தது கொஞ்சம் இல்லை. மிச்சமிருக்கும் வெண்ணெய் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, பாமாயிலும் வெண்ணெய் எசன்ஸும் போட்டு ஒரு பிஸ்கட் செய்திருந்தார்கள். அது தேறினால் வெண்ணெய் அறையைப் பூட்டிவிடுவோம் என்று சூப்பர்வைசர் வீட்டுக்காரரிடம் நேராகவே சொல்லிவிட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள், முழங்கால் வேறு தேய்ந்துவிட்டது. வெளியே எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

ராத்திரி சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"நாளைக்கு மேல கூப்பிட்டிருக்காங்களாமே."

"ஆமா."

"நீ எனக்காக ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். உள்ளதைச் சொல்லு, போதும். வெண்ணெயே இல்லாம பிஸ்கட் பண்ணா மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்."

"எனக்குத் தெரியலைன்னா?"

"அட, அதெப்படித் தெரியாமப் போகும்? இத்தனை வருஷம் தின்னிருக்கே!"

அவள் மோர் ஊற்றினாள். அவர் போதும் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் ஜன்னல் திறந்தது. மூன்று தட்டு வந்தது. முதல் தட்டு எப்போதும் போலத்தான் இருந்தது. வெந்நீர் குடித்தாள். இரண்டாவது தட்டைக் கடித்தாள்.

கடித்த உடனே தெரிந்துவிட்டது. என்னவோ கனமாக இருந்தது. நாக்கில் படிந்து போகமாட்டேன் என்றது. ஒரு வாடை வேறு, மூடிவைத்த அலமாரியைத் திறந்த மாதிரி. மூன்றாவதைக் கடித்துப் பார்த்தாள். பழையபடி, லேசாக, எப்போதும் போல. மாட்டினாயா என்று நினைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

"ரெண்டாவதும்மா. ரெண்டாவதுதான் வேற."

"சரிங்கக்கா. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

சும்மா விடுவாளா? இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினாள். "நல்லாவே இல்லம்மா. தொண்டையில ஒட்டுது. கிழட்டு வாடை அடிக்குது. குழந்தைங்க வாயில வெச்சா துப்பிடும். காசு கொடுத்து நான் வாங்க மாட்டேன், சும்மா கொடுத்தாலும் வேணாம். இதையெல்லாம் கடைக்கு அனுப்பினா கம்பெனி பேரே கெட்டுப் போயிடும்மா. எழுதிக்கோ, விடாம எழுதிக்கோ."

அந்தப் பெண் விடாமல் தட்டிக்கொண்டாள்.

சாயந்திரம் வீட்டில் வாயெல்லாம் பல்லாக நின்றாள். "புடிச்சிட்டேங்க! கடிச்ச உடனே தெரிஞ்சு போச்சு. கிழிகிழின்னு கிழிச்சுட்டு வந்துட்டேன்."

"அப்படியா?" என்றார் அவர். சிரித்தார். ஆனால் இவள் எதிர்பார்த்த அளவுக்கு அவர் முகம் மலரவில்லை. வேலைக் களைப்பு என்று இவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் தரப்பிரிவுப் பெண் பெல்ட்டுக்கே தேடிக்கொண்டு வந்தாள். பெல்ட் இரைச்சலில் காதருகே குனிந்து கத்தினாள்.

"அக்கா, சும்மா சொல்லக் கூடாது, உங்க நாக்கு நாக்குதான்! மத்த யாருக்கும் வித்தியாசமே தெரியல. நீங்க ஒருத்தர்தான் கரெக்டா எடுத்தீங்க."

"அப்ப அந்தப் பிஸ்கட்டு வராதில்ல?"

"எது?"

"அந்த எண்ணெய் பிஸ்கட்டு. ரெண்டாவது தட்டு."

அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "ஐயோ அக்கா, ரெண்டாவதுதான் பழசு, வெண்ணெய் போட்டது. மத்த ரெண்டு தட்டும் புதுசு. மீட்டிங்ல மேனேஜர் நீங்க சொன்னதை அப்படியே படிச்சுக் காட்டினார். குழந்தைங்க துப்பிடும்னு சொன்னீங்கல்ல, அதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க. முதல் தேதியிலிருந்து புதுசுதான் போகப்போகுது."

ஒன்று பழசு, இரண்டு புதுசு என்றும் வரும். இரண்டு பழசு, ஒன்று புதுசு என்றும் வரும். மாடியேறின முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. பலமுறை அப்படி வந்தும் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அது அவள் புத்திக்கு எட்டவில்லை. முதல் தட்டையே பழசு என்று எடுத்துக்கொண்டு, வேறாக இருக்கிறது என்றால் கெட்டது, கெட்டது என்றால் எண்ணெய் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். தன் வீட்டுக்காரர் கையால் உருக்கிய வெண்ணெயைத் தின்றுவிட்டு, நாற்றம் என்று சொல்லியிருக்கிறாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பாக்கெட்டுகள் வந்துகொண்டிருந்தன. அடுக்கினாள். பக்கத்தில் நின்றவள் "என்னக்கா, பரிசு கிரிசு தராங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா, தராங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினதும் சொல்லிவிட்டாள். வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் கனக்கும் என்று தோன்றியது. அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இவள் ஒன்று விடாமல் சொன்னாள். தொண்டையில் ஒட்டுகிறது என்று சொன்னதை, கிழட்டு வாடை என்று சொன்னதை, எல்லாரும் கை தட்டினதை. அவர் தேய்த்த கை தேய்த்தபடியே இருந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன்."

"என்ன சொல்லச் சொல்றே?"

"திட்டவாவது செய்யுங்க. பாவி, உன் வாயில மண்ணு விழன்னு ரெண்டு வார்த்தை திட்டுங்க. எனக்கு மனசு ஆறும்."

அவர் தைலப் புட்டியை மூடினார். மூடி சரியாகப் பிடிக்கவில்லை, திரும்பத் திறந்து மூடினார்.

"நான் எந்த வாயால திட்டுவேன்? போன மாசமே சோதனைக்குன்னு அந்தப் புது பிஸ்கட்டை ஒரு கூடை போட்டாங்க. மாவு பிசையறவன் கூப்பிட்டு ரெண்டு கொடுத்தான். தின்னு பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"இன்னும் ரெண்டு கேட்டு வாங்கித் தின்னேன்" என்றார் அவர். "நல்லா இருந்துச்சு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து விளக்கைப் போட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.