காது குத்தலுக்காக நிறுத்திய மாத்திரை

என் முகம் ஊதிக்கிடந்த மாதங்களில் நான் நன்றாக இருந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் இன்றும் சிரிக்கிறார்கள்.

மகள் பிறந்த சில மாதங்களில் எனக்கு லூபஸ் என்று விழுப்புரத்து டாக்டரம்மா சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். அவர் கொடுத்த மாத்திரையில் மூட்டுவலி அடங்கியது, காய்ச்சல் நின்றது, குழந்தையைத் தூக்க முடிந்தது. முகம் மட்டும் பூரி மாதிரி உப்பியது. "இதை நீங்களா நிறுத்தக் கூடாது. குறைக்கறதுன்னாலும் நான்தான் குறைக்கணும்" என்று டாக்டரம்மா அழுத்திச் சொல்லியிருந்தார். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் என் முகம்தான் பேச்சு. "மாமியா வூட்டு சோறு நல்லாத்தான் ஒட்டுது" என்பார்கள். அத்தை அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். அவர்கள் போனபின் என்னிடம் வருவார்.

"ஏம்மா, பாப்பா காது குத்தல் வரைக்கும் அந்த ஊதற மாத்திரைய நிறுத்தி வையேன். சொந்தக்காரங்க எல்லாம் வந்துக்கினு, மருமவளுக்கு இன்னா வியாதின்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

கணவரைப் பார்த்தேன். "கொஞ்ச நாள்தானே. மத்த மாத்திரையெல்லாம் சாப்ட்டுக்கினுதானே இருக்கே" என்றார்.

நான் பி.எஸ்ஸி. படித்தவள். டாக்டரம்மா சொன்னதை நினைத்தேன். பிறகு, வலிதான் இல்லையே, ஒருவேளை குணமாகிவிட்டதோ என்று நினைத்தேன். வீட்டில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பாதி, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை.

வாரங்கள் போகப் போக முகம் வற்றியது. அத்தை பூரித்துப்போனார். காது குத்தல் அன்று காலையில் கொலுசு மாட்டக் குனிந்தேன், கொக்கி எட்டவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது, எழும்பவில்லை. மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கணவரிடம் காட்டினேன். "நின்னுக்கினே இருக்கே இல்ல, அதான்" என்றார்.

என் அண்ணன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டது. வளவனூரிலிருந்து வந்த பெரியம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தாண்டி பழைய மூஞ்சி வந்துருக்கு! இன்னா கிரீம் போடறே?" பார்வை கீழே போனது. "காலு மட்டும் இன்னா இப்படி வீங்கிக்கினு கெடக்கு? ரெண்டாவதுக்கு ரெடியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். வீடியோக்காரர் என் பக்கம் விளக்கைத் திருப்பினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அழகாகிவிட்டாய் என்று ஒரு கூட்டமே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் என் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது.

மறுவாரம் மூச்சு வாங்கியது. விழுப்புரத்துக்கு ஓடினோம். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது, உடனே அட்மிட் ஆகணும் என்றார் டாக்டரம்மா.

"படிச்சவங்கதானே? மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க? குழந்தைய யாரு வளப்பா?"

நான் வாய் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "இவ கொஞ்சம் அலட்சியம் மேடம். சொன்னா கேக்கறதில்ல."

அலட்சியம்! கல்யாணமான நாளிலிருந்து சொன்னதையெல்லாம் கேட்டவள் நான். அதனால்தான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

"நிறுத்தச் சொன்னது இவங்க அம்மா. சரின்னது இவரு. கேட்டது நான்" என்றேன். டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார்.

மாத்திரையை முன்பைவிட அதிகமாக எழுதிக்கொடுத்தார். டாக்டரம்மா போனதும் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அவங்க முன்னாடி என்னை இப்படி அசிங்கப்படுத்தணுமா?"

"ஏங்க, இந்தத் தடவை மூஞ்சி இன்னும் பெருசா ஊதும். யாராவது கேட்டா எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க. உங்க அம்மாகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"போய் ரெண்டு இட்லி வாங்கிக்கினு வாங்க. மாத்திரைய வெறும் வயித்துல போடக் கூடாது."