ஆறு டம்ளர் குச்சி ஐஸ்

மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எதற்கு? தெருவில் யாருக்கும் அது தெரியாது. "ரீடிங்காரர் வந்திருக்கார், கதவைத் திற" என்பார்கள், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய், படிக்கட்டுக்குக் கீழேயும் செருப்பு அலமாரிக்கு மேலேயும் ஒளிந்திருக்கும் மீட்டர்களைத் தேடிப் பிடித்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. குறித்துக்கொண்டு பேசாமல் வருகிற ஆளா என்றால், அதுதான் இல்லை. போன தடவையைவிட நாற்பது யூனிட் கூடியிருந்தால், அது ஏன் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. புது ஃப்ரிட்ஜ் வாங்கினீர்களா, ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று குடைந்துவிடுவார்.

ஒருமுறை அப்படிக் குடையப் போய், ஒரு வீட்டு மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் கமுக்கமாக இழுத்திருந்த திருட்டு வயரைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு சித்தாந்தம்: கணக்கு உதைத்தால் எங்கேயோ திருட்டு இருக்கிறது. கூடவே இன்னொரு விதியும் உண்டு. ஒரு மீட்டருக்கு ஒரு பக்கம். ஒன்றில் ஓடியதை இன்னொன்றில் எழுதக் கூடாது. தொழிலுக்கு இரண்டும் நல்ல விதிகள்தான். அவற்றைக் கழற்றிச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்திருக்கலாம். மனுஷன் அதைச் செய்யவில்லை.

அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடிப்பது மாதிரியான வேலைகள் செய்துவந்தாள். போன வருடம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இதில் பெரிய கொடுமை ஊசி இல்லை, தாகம்தான். குடிக்கிற தண்ணீர் வெளியேற வழி இல்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரி மெஷின் இழுத்து எடுக்கிறவரை உடம்பிலேயே தங்கும். கூடிப்போனால் கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தாங்காது. அதனால் நாளுக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காபி, பால், மாத்திரைக்குக் குடிக்கும் வாய்த் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு முறையும் போனதும் எடை பார்ப்பார்கள். இரண்டு கிலோவுக்குள் கூடியிருந்தால் சரி, தாண்டினால் ஆபத்து.

கணக்கு என்று வந்தபின் ரீடிங்காரரை விட்டால் ஆள் ஏது? முக்கால் லிட்டர் பிடிக்கும் பாட்டில் ஒன்றில் மார்க்கரால் நூறு மில்லிக்கு ஒரு கோடாகப் போட்டார். காலையில் நிரப்பிக் கொடுப்பார். அவளுக்குக் காபி வேண்டுமானாலும் அந்தப் பாட்டில் தண்ணீரில்தான் போட வேண்டும். சாயங்காலம் வந்ததும் பாட்டில் காலியா என்று பார்த்து, நோட்டில் எழுதுவார். நோட்டில் தண்ணீருக்கு ஒரு பக்கம், உப்புக்கு ஒரு பக்கம், பழத்துக்கு ஒரு பக்கம். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் வெயில் வந்தது. எப்பேர்ப்பட்ட வெயில். தையல் மெஷினின் இரும்பைத் தொட்டால் கை சுட்டது. அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பழம் கொடுத்தாலும் மெல்ல மாட்டேன் என்றாள்.

"வாயில எச்சிலே இல்லைங்க. பஞ்சை மெல்ற மாதிரி இருக்கு."

அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மா, வாழைப்பழம், ஆரஞ்சு, மாம்பழம் கூடவே கூடாது, ஆப்பிள், திராட்சை, அன்னாசி சாப்பிடலாம், நாளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் என்று சொல்லியிருந்தார். அந்தக் கிண்ணத்தை என்ன செய்தால் இவள் வாய்க்குள் போகும் என்று யோசித்துக்கொண்டே ரீடிங் எடுத்தவர், ஒரு வீட்டில் குழந்தைகள் குச்சி ஐஸ் உறிஞ்சுவதைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். "சார், மீட்டர் அந்தப் பக்கம்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்றே ஆரம்பித்தார். திராட்சையை மிக்ஸியில் அடித்து வடிகட்டினார். ஒரு கிண்ணம் பழம் ஒன்றரை டம்ளர்தான் வந்தது. பழம் கூடக் கூடாதே. அதனால் தண்ணீர் ஊற்றி ஆறு சின்ன எவர்சில்வர் டம்ளர்களுக்குப் பெருக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி போட்டு ஃப்ரீசருக்குள் வைத்தார். காலையில் பார்த்தால் குச்சிகள் எல்லாம் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. விளிம்புவரை ஊற்றியது பொங்கி மேலே கூம்பாக நின்றது. டம்ளரை விட்டு ஐஸ் வரவே இல்லை. அவள் ஒரு மணி நேரம் டம்ளரோடு மல்லுக்கட்டிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பு போதாதா, மனுஷன் விழுந்து விழுந்து ஆராய்ச்சி செய்தார். ஒன்றரை மணி நேரம் உறைந்தபின் குச்சியைச் செருகினால் நேராக நிற்கிறது. வாய் நிறைய ஊற்றாமல் ஒரு விரல் இடம் விட்டால் பொங்குவதில்லை. டம்ளரின் வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் பத்து எண்ணும்வரை காட்டினால் ஐஸ் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஊற்றும்போது தித்தித்தது உறைந்ததும் சப்பென்று ஆகிறதே, அது ஏன்? நாக்கு குளிரில் மரத்துப்போகிறதா, சர்க்கரை எங்கேயாவது ஒளிந்துகொள்கிறதா? உறிஞ்ச உறிஞ்ச நிறமெல்லாம் வாய்க்குப் போய் வெள்ளை ஐஸ் மட்டும் குச்சியில் மிஞ்சுகிறதே, அது ஏன்? ஆப்பிளை வேகவைத்து மசித்துப் போட்டால் மட்டும் நிறம் பிரியாமல் மெத்தென்று இருக்கிறதே? அன்னாசித் துண்டுகளை அப்படியே போட்டால் கல்லாகிப் பல்லைப் பதம் பார்த்தது. ரீடிங் எடுக்கப் போன வீடுகளில் எல்லாம் இதைக் கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். அவர் ஒன்றையும் நம்பாமல் வீட்டுக்கு வந்து தானே செய்து பார்த்தார்.

அவள் மெஷினில் மிதித்துக்கொண்டே, காலையில் இரண்டு, மதியம் இரண்டு, வெயில் தாழ்ந்ததும் இரண்டு என்று சாப்பிட்டாள். குச்சிகளைக் கழுவிக் காயவைத்து, மீந்த நூலைச் சுற்றி இழுப்பறையில் போட்டுவைத்தாள். ஒருநாள் யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையில் திராட்சை சொட்டி, அதைப் போக்க இரண்டு பேரும் எலுமிச்சம்பழத்தோடு போராடினார்கள். நோட்டின் பழப் பக்கத்தில் தினமும் எழுதினார்: ஒரு கிண்ணம்.

முதல் இரண்டு வாரம் ஆராய்ச்சியிலேயே பாதி டம்ளர் வீணானது. ஆறும் ஒழுங்காக வர ஆரம்பித்த மூன்றாவது வாரம் எடை உதைத்தது. இரண்டு கிலோ கூட வேண்டிய இடத்தில் மூன்று. அடுத்த முறையும் மூன்று. அதற்கடுத்து மூன்றே கால். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தலையணையை இரண்டாக்கிக்கொண்டாள். நர்ஸ் சிஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறாங்க சார்?"

"முக்கால் லிட்டர் சிஸ்டர். நானே அளந்து கொடுக்கிறேன். நோட்டு இருக்கு, பாருங்க."

"நோட்டு சரியாத்தான் இருக்கு. உடம்புல ஏறியிருக்கே. வேற எங்கேயாவது குடிக்கிறாங்களான்னு பாருங்க. இப்படியே போனா ஒருநாள் இதயம் தாங்காது. சும்மா பயமுறுத்துறதுக்குச் சொல்லலை."

வேற எங்கேயாவது. அந்த வார்த்தை போதும் அவருக்கு. கணக்கு உதைக்கிறது, அப்படியென்றால் திருட்டு. பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நாம் நாக்குத் தள்ள அளந்து கொடுக்கிறோம், இவள் நமக்குத் தெரியாமல் குடித்து உயிரோடு விளையாடுகிறாளே என்று பஸ்ஸிலேயே கண் கலங்கியது. நேராகக் கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் ஏன் ஏன் என்று கேட்கிற வாய்க்கு வீட்டில் மட்டும் பூட்டு. குடத்தின் விளிம்பில் மூடியோடு சேர்த்துப் பென்சிலால் அடையாளம் வைத்தார். குளியலறைச் சொம்பைக் கவிழ்த்துவைத்து, அது ஈரமாகிறதா என்று தடவிப் பார்த்தார். கடைசியில், மீட்டர் பெட்டிக்குச் சீல் வைப்பது போல, குடிதண்ணீர் வடிகட்டியின் குழாயில் நூலைச் சுற்றி ஒரு தனி முடிச்சுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் முடிச்சு அப்படியே இருந்தது. அவள் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது என் நூல். நாப்பதாம் நம்பர் நீலம். என் நூலை எடுத்து எனக்கே சீல் வைக்கிறீங்களா?"

அவர் பையைக் கீழே வைத்தார்.

"குடிச்சா குடிச்சேன்னு சொல்லு. நான் திட்ட மாட்டேன்."

"குடிக்கலை."

"அப்புறம் எங்கேருந்து வருது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா?"

அவள் எழுந்து உள்ளே போனாள். அன்று ராத்திரி இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பாட்டில் மட்டும் தினமும் ஒழுங்காகக் காலியானது. ஃப்ரீசரில் டம்ளர்களும் காலியாயின. அவ்வளவு கோபத்திலும் ஐஸ் செய்வதை அவர் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பால்கனித் தொட்டியில் இருந்த செம்பருத்தி அந்தக் கொளுத்தும் வெயிலிலும் தளதளவென்று துளிர்த்து நான்கு மொட்டு விட்டிருந்தது. எதிர்வீட்டுச் செடிகள் எல்லாம் கருகிக் கிடக்க இது மட்டும் எப்படி என்று ஒருகணம் நினைத்தார். சில செடிக்கு வெயில் பிடிக்கும்போல என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். வேறு யாராவது அவரிடம் இப்படி ஒரு பதில் சொல்லியிருந்தால் விட்டிருப்பாரா?

அடுத்த நாள் விடியற்காலையிலேயே லைனில் ஏதோ பழுது. அந்தப் பகுதி முழுக்க ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. வெயில் தாங்காமல் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் துளைக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஃப்ரீசர் என்ன ஆயிற்றோ என்று திறந்தார். கரண்ட் இல்லாதபோது திறக்கக் கூடாது என்று அவள் காலை ஐஸைக்கூட எடுத்திருக்கவில்லை. ஆறு டம்ளரும் உருகிப்போய், ஊதாத் தண்ணீரில் குச்சிகள் மிதந்தன. வீணாக்க வேண்டாம், மறுபடி உறைய வைக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவைக்கப் பாத்திரம் தேடினார். கைக்கு அகப்பட்டது, ஐஸ் இல்லாத தாகத்தில் அன்றைக்கு மதியத்துக்குள்ளேயே காலியாகிவிட்டிருந்த அந்தக் கோடு போட்ட பாட்டில்.

முதல் டம்ளர் ஒரு கோட்டைத் தொட்டது. இரண்டாவது அடுத்த கோடு. நான்காவது ஊற்றியதும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆறாவதும் ஊற்றியபின் குனிந்து பார்த்தார். அறுநூறு. இருபத்தாறு வருடம் எண் பார்த்த கண். தப்பாகப் பார்க்க வழியில்லை.

முக்கால் லிட்டர் போக, தினமும் இன்னொரு அறுநூறு. கொடுத்தது யார்? பழம் பழப் பக்கத்தில், தண்ணீர் தண்ணீர்ப் பக்கத்தில் என்று எழுதி, அந்தத் தண்ணீரைத் தன் கையாலேயே பெருக்கிக் குச்சி சொருகிக் கொடுத்தது யார்? ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பல்லியாவது தான்தான் விழுந்தது. இவர் அவளையல்லவா தள்ளியிருக்கிறார்.

ஆனாலும் அந்தக் குணம் போகுமா? மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். அறுநூறு என்றால் எடை இன்னும் கூடியிருக்க வேண்டுமே. நாளுக்கு இருநூறு போலக் குறைகிறதே. அது எங்கே போகிறது? பாட்டிலைக் கையில் பிடித்தபடியே முன்னறைக்குப் போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"நீ குடிக்கலை. நான்தான் கொடுத்திருக்கேன். இதைப் பாரு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"ஐஸைப் பழம்னுல்ல நானும் நினைச்சேன்" என்றாள்.

"ஒண்ணு கேக்கணும். கேக்கட்டுமா?"

"இப்பவாவது கேளுங்க."

"கணக்குல இருநூறு குறையுது. ஏன்?"

ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அவள் பால்கனிப் பக்கம் பார்த்தாள். செம்பருத்தியில் ஒரு மொட்டு விரிந்திருந்தது.

"கால் வீங்க ஆரம்பிச்சதுலேருந்து பாட்டில்லேருந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணி அந்தச் செடிக்கு ஊத்திடுவேன். எனக்கும் பயம்தானே. நீங்க வந்து பாக்கும்போது பாட்டில்ல தண்ணி மிச்சம் இருந்தா, இங்க குடிக்காம எங்கே குடிச்சேன்னு கேப்பீங்க. அதான் காலி பண்ணி வச்சேன். தாகத்துக்கு ஐஸ்தான் இருக்கேன்னு அதை உறிஞ்சிக்கிட்டேன்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறவள், தன் பங்கில் ஒரு டம்ளரை எடுத்துச் செடிக்கு ஊற்றுகிறாள். இவர் குழாயில் நூல் கட்டுகிறார்.

"அழாதீங்க. அழுதா தண்ணிதான் குறையும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, அழுங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

அதற்குப்பின் டம்ளர்கள் அலமாரிக்குப் போயின. ஐஸ் கட்டி உறைய வைக்கும் தட்டில், குழிக்கு ஒன்றாகப் பாதியாக ஒடித்த குச்சிகள். வேகவைத்த ஆப்பிள் மசியல், தண்ணீர் சேர்க்காமல். ஒவ்வொன்றும் இரண்டு ஸ்பூன்தான். ஆனால் டம்ளர் ஐஸைவிட மெதுவாகக் கரைந்தது. நாளுக்கு ஐந்து. அதற்கு உண்டான தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் குறைத்து ஊற்றினார். எத்தனை ஐஸ், எவ்வளவு காபி என்பதை அவளே முடிவு செய்தாள். நோட்டு இப்போது அவள் இழுப்பறையில், நூல் சுற்றிய குச்சிகளோடு.

இரண்டு வாரம் கழித்து எடை ஒன்றே முக்கால் கிலோதான் கூடியிருந்தது. சிஸ்டர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? எங்கே சார் லீக் ஆச்சு?"

"ரீடிங் எடுத்தவன்கிட்டதான் சிஸ்டர்."

அன்று வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்துச் செடிக்கு ஊற்றினார். உள்ளே அவள் பாட்டிலில் மீதியிருந்ததில் கொஞ்சம் டம்ளரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. குடித்துவிட்டுப் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். திரும்பி வந்தவர் அதைத் தாண்டித்தான் போனார். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்கவில்லை.