எண்பத்து நான்காம் பக்கத்துக்காகச் சாய்ந்தமருது வரை

சனிக்கிழமை, காலை 5.15. கண்டியிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கட்டணம் 920 ரூபாய். மடியில் ஒரு பை, பைக்குள் நானே எழுதிய புத்தகம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் ஊர் பார்க்கப் போகவில்லை, சண்டை பிடிக்கப் போனேன்.

ராஜாக்களின் வரலாறு எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே அலுத்துவிட்டது. யார் யாரை வென்றால் எனக்கென்ன? சவர்க்காரம் வருவதற்கு முன் எதைத் தேய்த்துக் குளித்தார்கள், பொத்தான் இல்லாத காலத்தில் சட்டையை எப்படி மூடினார்கள், கதிரையில் கால் தொங்கப்போட்டு உட்காரும் பழக்கம் எப்போது வந்தது என்று சொல்லும் புத்தகம் கையில் கிடைத்தால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. பதினைந்து வருடம் இப்படி வாசித்து, ஆசை முற்றிப்போய், சாப்பாட்டுத் தட்டின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகத்தை நானும் எழுதினேன். பலருக்கும் பிடித்துப்போனது. இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக இருந்தது.

அந்தப் புத்தகத்தில் எல்லோரும் எடுத்துச் சொன்னது எண்பத்து நான்காம் பக்கத்தில் இருந்த இரண்டு வரிகளைத்தான். “ஒரே தட்டில் பலர் உண்ட காலத்தில் வேகமான கை நிறைந்தது, மெதுவான கை பசித்தது. ஆளுக்கொரு தட்டு வந்த பிறகுதான் பந்தியில் நீதி வந்து உட்கார்ந்தது.” பின்னட்டையிலும் அதையே போட்டிருந்தோம். பத்து நாளைக்கு முன் சாய்ந்தமருதிலிருந்து சிபானா என்ற மனையியல் ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, நல்ல மரியாதையாக, அந்த இரண்டு வரியும் பிழை என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எப்படிப் பிழை என்று கேட்டேன்.

“அத போன்ல கதைக்கேலா அக்கா. இஞ்ச வாங்க, சாப்பிட்டுட்டுக் கதைப்பம்” என்றார்.

காலை 7.30. பதினெட்டு வளைவுகளையும் இறங்கி மகியங்கனைக்கு வந்தோம். பால் விடாத பிளேன்டீ ஒன்று குடித்தேன். அம்பாறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சம்மாந்துறை விவசாயி. மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

“தட்டப் பத்தியும் பொத்தகமா? அதுல என்னத்த எழுதுற?”

“ஏன், நூற்றிருபது பக்கம் எழுதியிருக்கிறேனே.”

“சோத்தப் பத்தி எழுதியிருந்தா நான் வாங்கியிருப்பன்” என்றார் அவர். வெளியே வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். அந்த மனிதர் அதைக் கண்ணால் அளந்துகொண்டே வந்து, சம்மாந்துறையில் இறங்கிப் போனார்.

பகல் 12.20. காரைதீவுச் சந்தியில் பஸ் இடப்பக்கம் திரும்பியதும் காற்றில் உப்பு வாசம் வந்தது. அங்கிருந்து சாய்ந்தமருது கூப்பிடு தூரம்தான். சிபானா பள்ளிவாசலுக்கு எதிரே குடையோடு நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். சண்டைக்கு வந்தவளுக்கு இது வசதியாக இல்லை.

சிபானாவையும் சேர்த்து ஐந்து பெண்கள் மாதம் ஒரு புத்தகம் வாசிக்கிறார்கள். எல்லாம் அன்றாடப் பொருட்களின் வரலாறு. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: புத்தகம் எதைப் பற்றியதோ அதைக் கையில் எடுக்காமல் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. சவர்க்காரப் புத்தகத்துக்குத் தேங்காயெண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சிக் கையைப் புண்ணாக்கிக்கொண்டார்களாம். சாவிப் புத்தகத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டில் பூட்டுத் தொலைந்த சாவியாகப் பார்த்துக் கொண்டுவந்தார்களாம்.

“பதினேழு சாவி சேந்திச்சு அக்கா. ஒண்டுக்கும் பூட்டில்ல” என்றாள் நஸ்ரின். இவள் மருந்துக்கடை வைத்திருப்பவள், வாய் ஓயாதவள்.

பகல் 1.15. லுஹர் தொழுகை முடிந்ததும் பாய் விரித்தார்கள். கை கழுவச் செம்பும் தட்டமும் சுற்றி வந்தன. நடுவில் சஹனைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அகலமான தாம்பாளம் அது. மலைபோல் நெய்ச்சோறு, அதன் மேல் ஆட்டிறைச்சி, பொரித்த கோழி, கத்தரிக்காய், அன்னாசிச் சம்பல். முதலில் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு. பிறகு பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள்.

நான் வேவு பார்க்கும் புத்தியோடுதான் உட்கார்ந்தேன். யார் வேகமாக உண்கிறார்கள், யார் நல்ல துண்டை இழுக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருத்தியும் தன் முன்னால் இருந்ததைத் தாண்டிக் கை நீட்டவில்லை. இறைச்சியை சிபானா பிய்த்துப் பிய்த்து ஆளாளுக்குத் தள்ளினார். என் பக்கம் மட்டும் துண்டுகள் குறையவே இல்லை. நானோ மெதுவாகச் சாப்பிடுபவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அரை மணி நேரமானது. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய கைகள் இன்னும் சோற்றில் இருந்தன. விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுக்காரருக்கு முன் கையெடுப்பது அழகில்லை என்று வளர்ந்தவள் நான். அதனால் இன்னும் ஒரு கவளம் எடுத்தேன். அவர்களும் ஆளுக்கொரு கவளம் எடுத்தார்கள். நான் மூச்சுப் பிடித்து இன்னொன்று எடுத்தேன். அவர்களும் எடுத்தார்கள். நஸ்ரினுக்கு வியர்த்துக் கொட்டியது. மலை மெல்ல மெல்லத் தரையாகிக்கொண்டு வந்தது.

“அக்கா, அல்லாஹ்வுக்காகக் கைய எடுங்க!” நஸ்ரின் கத்தியேவிட்டாள். “நீங்க எடுத்தாத்தான் நாங்க எடுக்கலாம்!”

“நீங்கள் எடுக்கட்டும் என்றுதான் நான் தின்றுகொண்டிருக்கிறேன்!”

ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு வந்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் சிபானா விளக்கினார். சஹனில் கடைசியாகச் சாப்பிடுபவரின் கை தனியே இருக்கக் கூடாது. மற்றவர்கள் எழும்பினால் அவருக்குக் கூச்சம் வரும், பசியோடு கையெடுத்துவிடுவார். அதனால் பசி தீர்ந்தவர்களும் ஒவ்வொரு பருக்கையாகக் கொறித்துக்கொண்டு கூடவே இருப்பார்கள்.

“இப்ப சொல்லுங்க அக்கா, மெதுவான கை பசிச்சதா?” என்றார்.

“மெதுவான கைக்கு இப்போது எழும்பவே முடியவில்லை” என்றேன். ஆனாலும் வீம்பு விடவில்லை. “உங்கள் சஹன் சரிதான். ஆனால் நான் எழுதியது அனுபவத்தில் எழுதியது. பசறையில் எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள், நான் நான்காவது. நான் முதற் சோற்றை முடிப்பதற்குள் மற்றவர்கள் பானையை வழித்துவிடுவார்கள். எத்தனை நாள் அரை வயிற்றோடு படுத்திருக்கிறேன் தெரியுமா?”

“அல்லாஹ்வே” என்றாள் நஸ்ரின். இப்போது அவள் சிரிக்கவில்லை. “ஒங்கட ஊட்டிலயும் எல்லாரும் ஒரே தட்டிலயா தின்டீங்க?”

“இல்லையே. ஆளுக்கொரு இனாமல் தட்டு இருந்தது. அடியில் பெயர்கூடக் கீறியிருப்போம்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. எத்தனையோ புத்தகங்களைப் புரட்டி எழுதிய எனக்கு, என் பெயர் கீறிய தட்டை ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் நெய், கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. சிபானா தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

பிற்பகல் 4.00. வட்டலப்பமென்ற இனிப்பும் தேநீரும் ஆன பிறகு, அவர்கள் எல்லோரும் கேட்கும்படி அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எண்பத்து நான்காம் பக்கத்தில் அந்த இரண்டு வரிகளையும் எடுக்கச் சொன்னேன்.

“அக்கா, அது பின்னட்டையிலயும் இருக்கே! அதுக்காகத்தான் ஆளுங்க வாங்குறாங்க!” என்றார் அச்சகக்காரர்.

“பின்னட்டையிலும் எடுங்கள்.”

“அப்ப என்னத்த போடுறது?”

நாளை எழுதி அனுப்புகிறேன் என்றேன். அன்றிரவு சிபானா வீட்டில் தங்கினேன். தலையணையின் வரலாறு என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடத் தொடங்கி, பாதியில் தூங்கிப்போனேன்.

ஞாயிறு, காலை 6.00. திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். நடுவழியில், முழங்காலில் தாளை வைத்து எழுதினேன்: “ஆளுக்கொரு தட்டு இருந்த வீட்டிலும் பசித்தவர்கள் உண்டு; ஒரே தட்டைச் சுற்றி இருந்து எல்லோரும் பசியாறி எழும்பியதும் உண்டு. இதை எழுதுபவள் இரண்டையும் கண்டவள்.” முன்னைய வரிகளைப்போல் இது ஜோராக இல்லை. ஆனால் உண்மை. மகியங்கனையில் தாளைப் படம் பிடித்து அச்சகத்துக்கு அனுப்பிவைத்தேன்.

பகல் 1.30. கண்டியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் சமைத்து வைத்திருந்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம், ஆளுக்கொரு தட்டு. அவர் நல்ல மனிதர், ஆனால் சாப்பாட்டில் புயல். கலியாணமாகி இருபத்தெட்டு வருடமாக அவர் முடித்துக் கை கழுவப் போவதும், பாதித் தட்டை நான் தனியே இருந்து முடிப்பதும், சில நாள் முடிக்காமல் மூடி வைப்பதும் வழக்கம். அன்றும் கதிரையைப் பின்னால் தள்ளினார்.

“நான் முடிக்கும்வரை கொஞ்சம் இருங்களேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “ஏன், என்ன?”

“ஒன்றுமில்லை. சும்மா இருங்கள்.”

கதிரையை முன்னால் இழுத்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தட்டில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.